முதலில் அவர்கள் பேரை எழுதுங்கள்

நடுவர் அவர்களுக்கும், நம்ம பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலை ஆண்டு விழாவுக்கு வேலந்தாவளத்திலிருந்தும் எருத்தேன்பதியிலிருந்தும் இந்த ராத்திரியில் வந்து உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும். தாய்லாந்தின் புக்கெட் மாதிரி ஒரு சுற்றுலாத் தீவில் ஆவணம் இல்லாமல் வேலை செய்கிற வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஒழுங்குபடுத்தச் சரியான வழி எது, பிடித்துத் திருப்பி அனுப்புவதா, பதிவு செய்து வேலை அனுமதி அட்டை கொடுப்பதா? நான் அட்டை கொடுக்கச் சொல்கிற பக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று காரணம் சொன்னார். தீவு சின்னது, இத்தனை பேரைத் தாங்காது. உள்ளூர்க்காரன் கூலி விழுகிறது. முறையாகக் காசு கட்டி விசா எடுத்து வந்தவன் ஏமாளி ஆகிறான். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் தலைப்பை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அவர் வாழ்க்கைதான்.

மாமா 2007-இல் சவூதி போனார். டிரைவர் வேலை என்று சொல்லி ஏஜென்ட் கூட்டிப் போனான், அங்கே போனால் கட்டட வேலை. பாஸ்போர்ட் கஃபீல் கையில், அதாவது விசா கொடுத்த முதலாளி கையில். இகாமா என்கிற தங்கும் அனுமதி அட்டை முடிந்தபோது கஃபீல் புதுப்பிக்கவில்லை, எட்டு மாதம் சம்பளமும் தரவில்லை. மாமா ஒருநாள் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் பேர் கல்லிவல்லி, அதாவது காகிதம் இல்லாத ஆள். வளைகுடா போய் வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அந்த வார்த்தையின் கனம் உங்களுக்குத் தெரியும். பல வருஷம். பல்வலி வந்தால் மெடிக்கலில் மாத்திரை, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக பயம், போலீஸ் வண்டியைப் பார்த்தால் சந்துக்குள் ஓட்டம். எங்கள் அப்புச்சி இறந்தபோது அவரால் வர முடியவில்லை, கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன், போனில் அழுதார். 2013-இல் அந்த நாட்டு அரசு ஏப்ரலிலிருந்து நவம்பர் 3 வரைக்கும் ஒரு அவகாசம் கொடுத்தது, அபராதம் இல்லாமல் ஊருக்குப் போகலாம், இல்லாவிட்டால் வேறு கஃபீலிடம் மாறிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம் என்று. லட்சக்கணக்கான இந்தியர்கள் அதைப் பயன்படுத்திக் கொண்டார்கள், மாமாவும்தான். அடுத்த வருஷம் லீவில் வந்து அப்புச்சி சமாதியில் விளக்கு வைத்தார்.

இப்போது யோசியுங்கள். மாமா வேலி தாண்டிப் போனவர் இல்லை. விசா முத்திரையோடு விமானத்தில் போய் இறங்கியவர். அவரைச் சட்டவிரோதி ஆக்கியது முதலாளி கட்டாமல் விட்ட ஒரு கட்டணம். புக்கெட்டிலும் இந்தக் கதை உண்டு, மியான்மர்க்காரர்களின் பேரில். எல்லை தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அட்டையோடு வேலைக்குச் சேர்ந்து, அட்டை முதலாளியின் மேஜை டிராயரில் காலாவதியாகி, தெருவுக்கு வந்தவர்களும் அதே கணக்கில்தான் சேர்கிறார்கள்.

சரி, தீவுக்கு வருகிறேன். புக்கெட் சுமார் 540 சதுர கிலோமீட்டர். அங்கே ஓட்டல் கட்டுகிற கொத்து வேலை, மீன்பிடிப் படகு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு, விடுதிகளில் துணி வெளுப்பு என்று இவற்றில் பெரும்பகுதியைச் செய்வது மியான்மரிலிருந்து வந்தவர்கள். கட்டட வேலைக்காரர்கள் இருப்பது தகரக் கொட்டகைகளில். நம்ம ஊரிலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு போகிற பிள்ளைகள் எடுத்து அனுப்புகிற போட்டோவில் நீச்சல் குளம் தெரியும், அந்தக் குளத்துக்குத் தரை பதித்தவன் எங்கே தூங்கினான் என்பது தெரியாது. அந்தத் தீவே வந்தவர்களால் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கம் தோண்ட சீனாவிலிருந்து வந்த ஹொக்கியன் கூலிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அந்த ஊரின் பழைய குடும்பங்களில் பல.

அந்தத் தீவில் கெடுபிடி வழியை முயன்று பார்க்காமலும் இல்லை. 2006 இறுதியில் மாகாண நிர்வாகம் ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டுத் தொழிலாளி இரவு 8 மணிக்கு மேல் தங்குமிடத்தை விட்டு வரக்கூடாது, கைபேசி வைத்திருக்கக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. அட்டை வைத்திருந்தவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டு. அப்படியானால் அட்டை எடுத்ததால் அவனுக்கு என்ன கிடைத்தது? அட்டை எடுத்தாலும் இதே நிலைதான் என்று தெரிந்தவன் அடுத்த முறை ஏன் வரிசையில் நிற்பான்?

பேர் எழுதாத மனிதனுக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கடற்கரையில் இரண்டு சாட்சி இருக்கிறது.

ஒன்று, 2004 டிசம்பர் 26. நம் நாகப்பட்டினத்தையும் கொல்லம் பக்கத்து ஆலப்பாட்டையும் அடித்த அதே சுனாமிதான் புக்கெட்டையும் பக்கத்துப் பங்கா மாகாணத்துக் காவோ லாக் கடற்கரையையும் அடித்தது. தாய்லாந்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேலானவர்கள் இறந்தார்கள். இறந்துபோன ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளை அடையாளம் காண அவர்கள் ஊர்ப் பல் டாக்டர்களிடமிருந்து எக்ஸ்ரே வந்தது, உலகத்தின் பல நாட்டு நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். அது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அதே அலையில் போன மியான்மர்க் கட்டடத் தொழிலாளிக்குப் பல் எக்ஸ்ரே ஏது? அவனுடைய அண்ணனும் மனைவியும் சில மைல் தூரத்தில் உயிரோடுதான் இருந்தார்கள், உடலைக் கேட்டுப் போனால் தங்களைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ரப்பர் தோட்டங்களுக்குள்ளும் காட்டிலும் ஒளிந்திருந்தார்கள். எத்தனை மியான்மர்க்காரர்கள் செத்தார்கள் என்பதற்கு இன்று வரைக்கும் சரியான எண்ணிக்கை கிடையாது. யாரும் கேட்டு வராத உடல்கள் எண் போட்ட கல்லறைகளில் கிடக்கின்றன. செத்தவனைக் கேட்டு வர ஆள் இருந்தும் வர முடியாத சாவு. அப்புச்சி சாவுக்கு வர முடியாமல் போனில் அழுத மாமாவை நினைத்தபடிதான் இதை நான் படித்தேன்.

இரண்டாவது, 2008 ஏப்ரல். மியான்மரை ஒட்டிய ரனோங் எல்லையிலிருந்து புக்கெட்டுக்கு வேலைக்குப் போக 121 பேரை மீன் ஏற்றுகிற ஒரு குளிர்பதன லாரிக்குள் நிற்க வைத்துக் கதவை அடைத்தார்கள். வழியில் காற்று நின்றுபோனது. உள்ளே இருந்தவர்கள் சுவரைத் தட்டினார்கள், போலீஸ் இருக்கிறது, சத்தம் போடாதே என்றான் டிரைவர். 54 பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள், அதில் 37 பேர் பெண்கள். உயிர் பிழைத்தவர்களுக்கு என்ன ஆனது தெரியுமா? சட்டவிரோதமாக நுழைந்த குற்றத்துக்கு வழக்குப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் சொல்கிற வழி இதுதான், நடுவர் அவர்களே. வாசலை இறுக்க இறுக்க ஆள் வருவது நிற்காது, லாரியின் கதவு இன்னும் இறுக்கமாக மூடப்படும், ஆள் கடத்துகிற கங்காணிக்குக் கொடுக்கிற பணம் ஏறும்.

அப்புறம் தண்டனை போதவில்லை என்றார் அண்ணன். 2017 ஜூனில் தாய்லாந்து அரசு அதையும் செய்து பார்த்தது. அனுமதி இல்லாத தொழிலாளியை வைத்திருக்கிற முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 4 லட்சம் முதல் 8 லட்சம் பாட் அபராதம், தொழிலாளிக்கு ஐந்து வருஷம் வரைக்கும் சிறை என்று அவசரச் சட்டம். சில நாட்களுக்குள் பல்லாயிரம் பேர் எல்லைக்கு ஓடினார்கள். முதலாளிகள் பயந்துபோய் ஆட்களை வெளியே தள்ளினார்கள், வேலைத்தளங்கள் திணறின. கடைசியில் அரசே தண்டனைப் பிரிவுகளைச் சில மாதத்துக்கு நிறுத்தி வைத்து, அடுத்த வருஷம் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பெருமளவு குறைத்தது. 2020 டிசம்பரில் பாங்காக் பக்கத்து சமுத் சாகோன் மீன் சந்தையில் தொழிலாளர்களிடம் கொரோனா பரவியபோது, அட்டை இல்லாதவன் பயத்தில் பரிசோதனைக்கு வரமாட்டான் என்று புரிந்து, அதே மாதம் 29-ஆம் தேதி அமைச்சரவை பதிவுக்குக் கதவைத் திறந்தது. இதை முடிவு செய்தது எங்கள் அணி இல்லை. விரட்டிப் பார்த்த அதே அரசு.

கூலிக்கு வருகிறேன், ஏனென்றால் அண்ணன் கவலையில் இதுதான் உண்மையானது. 2025 ஜனவரி 1 முதல் புக்கெட்டில் நாள் கூலி குறைந்தது 400 பாட். சட்டம் தாய்லாந்துக்காரனுக்கும் மியான்மர்க்காரனுக்கும் ஒரே கூலியைத்தான் சொல்கிறது. அட்டை இல்லாதவனால் அந்த 400-ஐக் கேட்க முடியுமா? கேட்டால் போலீசுக்குப் போன் போடுவேன் என்பான் முதலாளி. அதனால் அவன் 300-க்கு நிற்பான், பக்கத்தில் நிற்கிற உள்ளூர்க்காரனிடம் "இவன் 300-க்கு வருகிறான், உனக்கு எதுக்கு 400" என்பான் அதே முதலாளி. கூலியை இழுத்துக் கீழே தள்ளுவது அட்டை இல்லாதவனுடைய பயம். பயத்தை எடுங்கள், கூலி நிற்கும். சுற்றுலா வழிகாட்டி மாதிரிச் சில வேலைகளை அந்த நாட்டுச் சட்டம் சொந்த நாட்டவருக்கே ஒதுக்கியும் வைத்திருக்கிறது. அதை யாரும் தொடச் சொல்லவில்லை.

தீவு தாங்காது என்றார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எத்தனை பேரைத் தாங்கும் என்று எப்படிச் சொல்வது? குடிதண்ணீர், கக்கூஸ், குப்பை, பள்ளிக்கூடம் எல்லாமே தலை எண்ணிக்கையில் ஓடுகிற கணக்கு. தாய்லாந்து சுகாதார அமைச்சகம் 2013-இல் அட்டை இல்லாதவர்களும் வாங்கக்கூடிய மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது, சின்னக் குழந்தைக்கு வருஷம் 365 பாட், அதாவது நாளுக்கு ஒரு பாட். இதைச் செய்தவர்களுக்கு மனசும் இருந்தது, கணக்கும் தெரிந்திருந்தது. தடுப்பூசி போடாத ஒரு கொட்டகை இருந்தால் முழுத் தீவுக்கும் நோய் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

முறையாக வந்தவன் ஏமாளி என்ற மூன்றாவது காரணம். முறையான வழி என்பது இரண்டு நாட்டு அலுவலகம், ஏஜென்ட், கடன், மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்த வழியைச் சுருக்கிச் செலவைக் குறையுங்கள் என்று கேட்பதுதான் வரிசையில் நின்றவனுக்கும் நியாயம். இன்னொன்று, 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 2024-இல் கட்டாய ராணுவச் சேவையை அமல்படுத்திய மியான்மருக்கு ஒரு இருபது வயதுப் பையனைப் பிடித்து அனுப்பினால், அவன் போய்ச் சேருகிற இடம் வீடாக இருக்காது.

நம்ம பக்கமும் பார்ப்போம். பாலக்காட்டு வயலில் நாற்று நடுகிறவர்கள் இன்று வங்காளத்திலிருந்து வந்தவர்கள், கஞ்சிக்கோடு இரும்பு உருக்காலைகளில் பீகார், ஒடிசாக்காரர்கள். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் நாம் கூப்பிடுவது 'பங்காளி' என்று, வங்காளி என்பதை அப்படித்தான் சொல்கிறோம். தமிழில் அந்த வார்த்தைக்குச் சொத்தில் பங்கு உள்ள சொந்தக்காரன் என்று அர்த்தம், தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறோம். அவர்களுக்கு விசா தேவையில்லை, ஆனாலும் கேரளா 2017-இல் ஆவாஸ் என்று பதிவோடு சேர்ந்த காப்பீடு கொடுத்தது, கஞ்சிக்கோட்டில் 'அப்னா கர்' விடுதி கட்டியது. அது எல்லாருக்கும் போதாது. ஆனால் தொடங்குகிற இடம் அதுதான். ஒரு காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்கே தெரியும்: 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில், தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வாளையாறு சோதனைச்சாவடியில் பாஸ் இல்லாமல் வெயிலில் நின்றவர்கள் சொந்த வீட்டுக்குப் போக வந்தவர்கள்தான், கைக்குழந்தையோடு நின்ற பெண்களுக்கு இங்கிருந்து தண்ணீர் கொண்டுபோனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். வெறும் அட்டை போதும் என்று நான் சொல்லவில்லை. மாமாவிடமும் இகாமா இருந்தது, அதன் உயிர் கஃபீல் கையில் இருந்தது. அதனால் நடுவர் அவர்கள் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அட்டை தொழிலாளியின் சொந்தப் பையில் இருக்க வேண்டும், முதலாளி மாறினாலும் அது செத்துப் போகக் கூடாது, கட்டணம் ஒரு மாதக் கூலியைத் தாண்டக் கூடாது, அதைக் கட்டாமல் விட்ட முதலாளிக்கு அபராதம், அவனிடம் வேலை செய்தவனுக்கு வேறு இடம் தேட அவகாசம். வாய்ப்புக்கு நன்றி.