மீன் இல்லாத முதல் மாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மீன் விடலாம், அங்கிள்?" என்பதுதான். இன்றைய பேச்சில் அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் பதில் வரும். அதுவரை மீனே இல்லாத தொட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பினாங்கில் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. யூடியூப்பில் கிடைக்கும் வழிகாட்டிகளில் நிறைய, குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் முதலிலேயே ஹீட்டர் இருக்கும். ஜெலுத்தோங்கிலோ பாயான் பாருவிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில், சும்மா வாளியில் பிடித்து வைத்த தண்ணீரே பிற்பகலில் 29, 30 டிகிரிக்கு வந்துவிடும். அதே தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, பம்ப் ஓடவிட்டு, மேலே விளக்கும் போட்டால் இன்னும் ஏறும். நமக்கு வேண்டியது சூடு குறைக்கிற வழி.

எத்தனை டிகிரி சரி? 26, 27இல் நிறுத்தினால் நல்லது. நம் வட்டாரக் கடலிலேயே பவளப்பாறை இருக்கும் இடங்களில் தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த உயிர்கள் தாங்கும் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் வெளுக்க ஆரம்பிக்கும். 2010இல் அப்படி வெளுத்துப் போனதால்தான் தியோமான், ரெடாங் தீவுகளின் பக்கத்தில் சில முக்குளிப்பு இடங்களைக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். அது கடல். உங்களிடம் இருப்பது மூன்றடித் தொட்டி. கடல் வாரக்கணக்கில் சூடேறும். தொட்டி மத்தியானம் இரண்டு மணிக்குள் சூடேறிவிடும்.

மலிவான வழி, நீர்மட்டத்தின் மேல் காற்று வீசும் சின்ன விசிறி. தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். வறண்ட ஊர்களில் இது பிரமாதமாக வேலை செய்யும். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் மழை நாளில் விசிறியின் பலன் குறைந்துவிடும். அதனால் பவளமும் வளர்க்கப் போகிறவர்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்: தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லருக்குக் காசு சேர்ந்த பிறகு தொட்டி வாங்குங்கள். தொட்டி, கல், விளக்கு எல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியில் சில்லர் விலையைக் கேட்டுத் திகைப்பவர்கள் அதிகம். இன்னொன்று, சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை வீட்டுக்குள்தான் கொட்டும். அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினால், தான் விட்ட சூட்டிலேயே தான் வெந்துகொண்டு இடைவிடாமல் ஓடும். மின்கட்டணம் வரும்போது தெரியும்.

படுக்கையறையில் இரவு முழுக்க ஏர்கோன் போடுகிறவர்கள் அந்த அறையில் தொட்டி வைக்க வேண்டாம். இரவில் 24, பகலில் 30 என்று ஏறி இறங்குவது, நிலையாக 28இல் இருப்பதைவிட மோசம்.

அப்புறம் எடை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 190 கிலோவுக்கு மேல். கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 250 கிலோவைத் தாண்டும். மாடி வீட்டில் ஹாலின் நடுவே வைக்காமல், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். வெயில் விழும் ஜன்னலைத் தவிர்த்துவிடுங்கள். மின்கம்பிகள் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏற வேண்டும். சொட்டும் நீர் அந்தத் தொங்கலிலேயே விழுந்துவிடும். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் இது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஈஎல்சிபி வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சின்னத் தொட்டி என்றால் எளிது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சீக்கிரம் மாறும். பழகும் கைக்கு இரண்டடியிலிருந்து மூன்றடி வரை உள்ள தொட்டிதான் தோது.

சரி, தண்ணீருக்கு வருவோம். "சுற்றிலும் கடல்தானே, பத்து பிரிங்கி கடற்கரையில் நாலு வாளி மொண்டு வந்தால் போதாதா?" என்று கேட்காத ஆளே இல்லை. போதாது. கரையோரக் கடலில் ஆற்று நீரும் சாக்கடை நீரும் கலக்கும். பெரிய மழைக்குப் பிறகு உப்பின் அளவே இறங்கிவிடும். படகு எண்ணெய், சேறு, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி எல்லாம் கூடவே வரும். ஆழ்கடலிலிருந்து எடுத்து வடிகட்டிய நீர் கிடைத்தால் அது வேறு கதை. இல்லையென்றால் கடையில் விற்கும் கடலுப்புக் கலவையே போதும். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் முதலியவை சேர்ந்த கலவைதான் வேண்டும்.

கலக்குவதற்குக் குழாய் நீரைவிட ஆர்ஓ நீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டிய நீர், நல்லது. கடை வரிசைகளில் சில்லறை போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்கள் இருக்கின்றனவே, அந்த நீரைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எல்லா இயந்திரத்திலும் வடிகட்டியைக் காலத்தோடு மாற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் மலிவான டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, பிடித்த தண்ணீரில் முக்கிப் பாருங்கள். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் சரி. குழாய் நீர்தான் என்றால் ஆன்டி-குளோரின் போட மறக்க வேண்டாம்.

ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35லிருந்து 40 கிராம் வரை கலவை பிடிக்கும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும்; உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து கரையாமல் நிற்கும். பம்ப் போட்டு ஒரு நாள் கலக்கவிட்டு, உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.025, 1.026 வந்தால் போதும். அந்தக் கருவியையும் 35 பிபிடி கரைசலை வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே இருக்கும். எனவே குறைந்த மட்டத்தை நிரப்பும்போது உப்பில்லாத ஆர்ஓ நீரைத்தான் ஊற்ற வேண்டும். விசிறி வைத்த தொட்டியில் இதைத் தினமும் செய்ய வேண்டியிருக்கும்.

கல்லை அடித்தளக் கண்ணாடியில் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால், தோண்டும் பழக்கமுள்ள மீன் ஒன்று வந்து அடியைப் பறித்துக் கல்லைச் சாய்த்துவிடும். கல்லுக்காகத் தீவுகளுக்குப் போகும்போது பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். பூலாவ் பாயார் போன்ற கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கடையில் காய்ந்த கல்லும் கிடைக்கும், நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் ஒட்டிய ஈரமான 'உயிருள்ள கல்'லும் கிடைக்கும். என் வாக்கு காய்ந்த கல்லுக்கு. வேண்டாத நண்டும் புழுவும் கூட வராது.

இனிதான் மீன் இல்லாத அந்த மாதம். மீன் வளர்ப்போர் தொட்டியை 'சைக்கிள் பண்ணுவது' என்று சொல்வது இதைத்தான்.

மீனின் கழிவு, மிஞ்சிய தீனி, செத்த உயிர் எல்லாம் கடைசியில் அம்மோனியாவாகும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் பெரிய தொல்லை தராது. தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியாக்களை 1890 வாக்கில் முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி. அவர் ஆராய்ந்தது மண்ணை. ஆனால் அதே வேலைதான் உங்கள் ஹாலில் இருக்கும் கல்லின் துளைகளுக்குள்ளும் நடக்கிறது.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தைரியம் காட்டுவார்கள். "கப்பி மீனை முதல் நாளே விட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். பிஎச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். அது 7ஐ ஒட்டிய நன்னீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி கேடு குறைந்த அம்மோனியமாக இருக்கும். கடல்நீரின் பிஎச் 8.2 பக்கம். பிஎச் ஓர் எண் ஏறினால் நஞ்சான உருவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். சூடு கூடினாலும் அந்தப் பங்கு கூடும். நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

எங்கள் தாமானில் ஒரு பையன் தண்ணீர் ஊற்றிய மறுநாள் கேட்டான்: "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே அங்கிள், இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?" தெளிவான தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. டெஸ்ட் கிட் மட்டுமே சொல்லும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் அந்தந்தத் தேதிக்கு நேரே எண்ணை எழுதி வாருங்கள்.

பாக்டீரியா வளர அதற்குத் தீனி வேண்டும். பழைய முறை, உரிக்காத இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுகவிடுவது. வேலை நடக்கும், கூடவே நாற்றமும் வரும், வீட்டில் சண்டையும் வரும். இதற்கென்று விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு விடுவது சுத்தமான வழி. கூடவே புட்டியில் வரும் பாக்டீரியாவையும் ஊற்றலாம். அது வேலையைச் சுருக்கும், ஆனால் ஒரே இரவில் முடித்துவிடாது. அம்மோனியா 5 பிபிஎம்மைத் தாண்டினால் பாக்டீரியாவே மந்தமாகிவிடும் என்பதால் தாராளம் வேண்டாம். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து தண்ணீர் வாங்கி ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் இந்த பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கிறது. நோயில்லாத தொட்டி என்றால் ஒரு துண்டுக் கல்லைக் கேளுங்கள்.

முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அந்த நைட்ரைட் நாள் கணக்காக அசையாமல் நிற்கும். பொறுமை போவது இங்கேதான். பிறகு ஒரு நாள் அதுவும் விழும். மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். வயிற்றுக் கிருமியான ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். நம் பாக்டீரியாவுக்கு அதற்கு ஒரு நாள்கூடப் பிடிக்கும். அவசரப்படுத்த வழியில்லை.

நம் ஊர்ச் சூடு நமக்கு உதவும் ஒரே கட்டமும் இதுதான். இந்த பாக்டீரியா 25லிருந்து 30 டிகிரி வரை நன்றாகப் பெருகும். அதனால் சைக்கிள் முடியும்வரை சில்லரைப் போட வேண்டாம், மின்சாரம் மிச்சம். ஆனால் சூடான உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இவற்றுக்கோ ஆக்சிஜன் கட்டாயம். நீர்மட்டம் எப்போதும் சலசலவென்று அசைய வேண்டும். விளக்கையும் அணைத்தே வையுங்கள். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை. அப்படியும் பின்னால் விளக்குப் போட்டதும் மணல் பழுப்பாகும், அது டையாட்டம் என்னும் நுண்பாசி. பெரும்பாலும் தானே அடங்கும். அதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்ற வேண்டாம்.

முடிந்ததா என்று பார்க்க, மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா விடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறையுங்கள். சில்லரைப் போட்டு நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள்.

இடையில் டிங்கிப் புகையடிப்பு வந்தால்? குளிர் நாட்டு வழிகாட்டி எதிலும் இதைக் காணவில்லை. கொசுவுக்கு அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு. புகை வருகிறது என்று தெரிந்ததும் தொட்டியை பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். அறைக் காற்றை உள்ளே இழுக்கும் ஏர் பம்ப், நுரையால் கழிவை அகற்றும் ஸ்கிம்மர் இரண்டையும் நிறுத்துங்கள். தண்ணீரைச் சுழற்றும் பம்ப் ஓடட்டும். வாசம் போன பிறகு திறங்கள். வீட்டில் நாமே அடிக்கும் கொசு ஸ்பிரேக்கும் இதே கதைதான்.

இப்போது அந்த முதல் கேள்வி. பண்ணையில் பொரித்த ஓசெல்லாரிஸ் கோமாளி மீன், ஒன்று அல்லது ஒரு ஜோடி. நம் கடலுக்கும் சொந்தமான இனம், தாங்கும் திறன் உண்டு. அது தங்கக் கடல் சாமந்தி (அனிமோன்) வேண்டும் என்று கடையில் சொன்னால் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாமந்திக்குப் பல மாதம் ஓடிப் பழகிய தொட்டி தேவை. பிள்ளைகள் கார்ட்டூனில் பார்த்துவிட்டு நீல டாங் மீன் கேட்பார்கள். அது ஓடித் திரிய பெரிய இடம் வேண்டும், வெள்ளைப்புள்ளி நோயும் அதற்குச் சீக்கிரம் வரும். கடையில் மீனை எந்த உப்பளவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகள் குறைத்தே வைப்பார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் மெதுவாகப் பழக்கி விடுங்கள். அடுத்த மீனுக்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், பாக்டீரியா புதுக் கணக்குக்கு ஏற்பப் பெருக வேண்டுமல்லவா.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுப்பீர்கள். தீனியை நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்து, டப்பாவை ஒளித்துவிடுங்கள். தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதற்குக் கீழே போனால் ஆர்ஓ நீரைக் கோடு வரை ஊற்றச் சொல்லுங்கள். கடல் தொட்டி ஆயிற்றே என்று அவர் பாசத்தோடு ஒரு பிடி உப்பு சேர்க்கப் பார்ப்பார். உப்பு வாளியை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டே கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.