ஸ்க்ரீமடெலிகா: அந்தத் தாளத்தை வாசித்தவர் யார்?

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என் தகுதிக்கு மேல் நாலு வார்த்தை சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, உடல் ஒத்துழைக்காத நிலையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த தாளவாத்தியக் கலைஞர் ஐயா அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து கொடுத்த நூலகத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி அவையைக் கலகலப்பாக்கிய பேராசிரியர் அவர்களே, மாலை நேரத்தை இசைக்கென்று ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளைய நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் இரண்டு பேரை வணங்க வேண்டும். அந்த ஓரத்தில் ஒலிக்கருவிக்குப் பின்னால் நிற்கும் தம்பிகள். அழைப்பிதழில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் என் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொன்னார்கள். இன்று மாலை இந்தப் பழமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, முப்பது ஆண்டுகளைத் தாண்டிய ஒரு பிரிட்டிஷ் இசைத்தொகுப்பு. பிரைமல் ஸ்க்ரீம் என்ற குழுவின் 'ஸ்க்ரீமடெலிகா', 1991 செப்டம்பர் 23 அன்று கிரியேஷன் ரெகார்ட்ஸ் வெளியிட்டது. கிதார் ராக்கும் நடன அரங்கின் தாளமும் ஒன்றாகக் கலந்த தொகுப்பு. மூன்று செய்திகள் சொல்ல எண்ணியிருக்கிறேன். அது எப்படிப் பிறந்தது, இன்று கேட்டால் எப்படி இருக்கிறது, அதற்குப் பின் வந்த பிரிட்டிஷ் இசைக்கு அது என்ன வழி திறந்தது.

பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். பாபி கில்லெஸ்பி கிளாஸ்கோக்காரர். தி ஜீசஸ் அண்டு மேரி செயின் குழுவின் 1985-ஆம் ஆண்டுத் தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர். அவருடைய சொந்தக் குழுதான் பிரைமல் ஸ்க்ரீம். 1989-ல் அவர்களுடைய இரண்டாவது தொகுப்பு வந்தது. முரட்டு ராக். விமர்சகர்களும் கொண்டாடவில்லை, விற்பனையும் இல்லை. ஆனால் அதில் காதல் முறிவைப் பற்றிய மெதுவான பாட்டு ஒன்று இருந்தது. அது ஒருவருக்குப் பிடித்துப்போயிற்று. அவர் பெயர் ஆண்ட்ரூ வெதரால். வின்ட்சரில் பிறந்தவர், டிஜே, 'பாய்ஸ் ஓன்' என்ற சிற்றிதழை நண்பர்களோடு நடத்தியவர். 1988 கோடையில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அலை லண்டனைப் பிடித்தபோது அதன் நடுவில் நின்றவர்களில் ஒருவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரிய அனுபவம் கிடையாது.

குழுவின் கிதார் கலைஞர் ஆண்ட்ரூ இன்னஸ் அந்தப் பாட்டை வெதராலிடம் கொடுத்து ரீமிக்ஸ் செய்யச் சொன்னார். வெதரால் நல்ல மனிதர். பிடித்த பாட்டாயிற்றே, கெடுத்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து கைவைத்தார். அடியில் கொஞ்சம் தாளத்தைக் கூட்டி, பாட்டை அப்படியே விட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்னஸ் கேட்டார். முகம் சுருங்கியது. இப்படி மரியாதையாகச் செய்ய நீ எதற்கு, போய் அடித்து நொறுக்கு என்றார். அவர் சொன்னதை மேடை நாகரிகம் கருதி மென்மையாக்கிச் சொல்கிறேன். யோசித்துப் பாருங்கள், எந்தக் கலைஞன் தன் பாட்டைக் கொடுத்து இதை உடைத்துவிட்டு வா என்று சொல்வான்? வெதரால் திரும்பப் போனார். இந்த முறை கை நடுங்கவில்லை. பாபியின் குரலைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துவிட்டார். பாடகரின் பாட்டிலேயே பாடகர் இல்லை! பாட்டின் வாலில் கிடந்த பித்தளைக் குழல்களைத் தூக்கி நடுவில் வைத்தார். பேஸ் கிதாரை முன்னுக்குக் கொண்டுவந்தார். பிறகு வெளியிலிருந்து எடுக்கத் தொடங்கினார். 1966-ல் ரோஜர் கோர்மன் எடுத்த மோட்டார் சைக்கிள் படத்தில் பீட்டர் ஃபோண்டா ஒரு பாதிரியாருக்குச் சொல்லும் பதில், விடுதலையாக வாழ விரும்புகிறோம் என்று அடித்துச் சொல்லும் அந்த வசனம், பாட்டின் வாசலில் வந்து நின்றது. சிகாகோவின் ஹட்சின்சன் சகோதரிகள், தி எமோஷன்ஸ் என்ற பெயரில் 1976-ல் பாடிய பாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அடித்தாளம், பாடகி எடி பிரிக்கெல் பாடலின் இத்தாலியக் கள்ளப் பதிப்பு ரீமிக்ஸ் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத்துண்டு. பாபி பாடும் ஒற்றை வரியும் அவருடையதல்ல. ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில், டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டின் வரி. அதைப் பதிந்து இரண்டே ஆண்டில், இருபத்தேழு வயதில் அவர் இறந்துபோனார்.

அதுதான் 'லோடட்'. 1990 பிப்ரவரியில் வந்தது. ஏழு நிமிடப் பாட்டு, பிரிட்டிஷ் தரவரிசையில் 16-ஆம் இடத்துக்கு ஏறியது. யாரும் திரும்பிப் பார்க்காத குழு ஒரே பாட்டில் நாடறிந்த குழுவாயிற்று. முழுத் தொகுப்பும் இந்தத் துணிச்சலிலிருந்து கிளைத்ததுதான்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். இன்று கேட்டால் எப்படி இருக்கிறது? என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். பதினொரு பாடல்களில் கிதாரை மட்டும் நம்பிய 'டேமேஜ்ட்' பழைய ராக் பெரியவர்களின் நிழலிலேயே நிற்கிறது. சாம்பிள் செய்த பாடல்களோ, அதாவது பிறர் பதிவிலிருந்து துண்டு வெட்டிச் சேர்த்த பாடல்களோ, இன்றும் துள்ளுகின்றன. 'ஹையர் தேன் தி சன்' தி ஆர்ப் குழுவினர் தயாரித்தது. அதன் இரண்டாவது வடிவத்தில் ஜா வாபிளின் பேஸ் கிதார் வந்து உட்காரும்போது அரங்கின் தரை அசைவது போலிருக்கும். 'டோண்ட் ஃபைட் இட், ஃபீல் இட்' பாட்டை மான்செஸ்டரின் டெனிஸ் ஜான்சன் பாடியிருக்கிறார். அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை. 2020 பிப்ரவரியில் வெதராலும், அதே ஆண்டு ஜூலையில் டெனிஸும் மறைந்தார்கள். ஒரே ஆண்டில் இருவரையும் இழந்தோம்.

'கம் டுகெதர்' பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது. ஏழு ஆண்டு கழித்து, 1972 ஆகஸ்ட் 20 அன்று, அந்த நகரத்தின் கொலிசியம் அரங்கில் 'வாட்ஸ்டாக்ஸ்' என்ற மாபெரும் இசைவிழா நடந்தது. கறுப்பின மக்கள் லட்சம் பேர் திரண்டார்கள். மேடையில் பேசியவர் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். இன்று நாம் ஒன்றாக இருக்கிறோம் என்றார். காஸ்பெல், ப்ளூஸ், ஜாஸ் எல்லாம் ஒட்டிவைத்த சீட்டுகள்தான், இசை இசைதான் என்றார். வெதரால் அந்தப் பேச்சை எடுத்துப் பாட்டின் முதுகெலும்பாக்கினார். பிரிட்டனின் நடன அரங்கில் ஆடிய இளைஞர்கள் அந்த அரங்கையும் அந்தக் குரலையும் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய கொடை எது?

இந்தத் தொகுப்பு 1992-ல், ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான முதல் மெர்க்குரி பரிசை வென்றது. உறைக்காகப் பால் கேனல் வரைந்த சிவப்புப் பின்னணிச் சூரியன் 2010-ல் ராயல் மெயிலின் அஞ்சல்தலையானது. பாராட்ட வேண்டியவர்கள் பாராட்டிவிட்டார்கள். நான் கேட்க வந்தது வேறு. 'லோடட்' பாட்டின் அந்த லூப்பின் தாளத்தை முதலில் வாசித்த கை யாருடையது? உறையைத் திருப்பிப் பாருங்கள். கிடைக்காது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது இசைக்குப் பொருந்தாதா?

க்ளைட் ஸ்டபிள்ஃபீல்டை நினைத்துப் பாருங்கள். 1969 நவம்பர் 20 அன்று ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்தச் சில நொடித் தாளத்தை வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான பாடல்கள் பிழைத்தன. பாட்டின் உரிமை பிரவுனின் பெயரில். தாளம் வாசித்தவருக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. அது மரியாதைக் குறைவு என்பதே அவருடைய வருத்தமாக இருந்தது. 2017-ல் அவர் காலமானார். தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரிகரி கோல்மனும் அப்படித்தான். 1969-ல் அவர் வாசித்த ஆறு நொடித் தாளத்தின் மீது ஜங்கிள் என்ற பிரிட்டிஷ் நடன இசையே எழுந்து நின்றது. அவரோ 2006-ல் வீடில்லாத மனிதராக இறந்தார். 2015-ல் பிரிட்டனின் டிஜேக்கள் இரண்டு பேர் மனம் பொறுக்காமல் நிதி திரட்டி, ஏறத்தாழ 24,000 பவுண்டை அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் சேர்த்தார்கள். சட்டம் செய்யாததை ரசிகர்கள் செய்தார்கள்.

சட்டம் என்ன செய்தது? ஸ்க்ரீமடெலிகா வந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1991 டிசம்பர் 17 அன்று, அனுமதியில்லாமல் சாம்பிள் செய்த ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. திருடாதே என்ற விவிலியக் கட்டளையோடு அந்தத் தீர்ப்பு தொடங்குகிறது. அதன் பிறகு அமெரிக்காவில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் அனுமதியும் கட்டணமும் வேண்டியிருந்தது. அந்தக் கட்டணம் எங்கே போகிறது? பாட்டை எழுதியவருக்கும், பதிவின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும். கூலிக்கு வந்து தாளம் வாசித்துவிட்டுப் போனவரின் பக்கத்து இலைக்குக்கூட அது வருவதில்லை.

நான் சாம்பிள் செய்வதற்கு எதிரியல்ல. தடை போட்டால் ஸ்க்ரீமடெலிகாவே இருந்திருக்காது. எடுக்கட்டும், வெட்டட்டும், உடைத்து ஒட்டட்டும். எடுத்த இடத்தைச் சொல்லட்டும், வாசித்தவர் பெயரைப் போடட்டும். முன்பு உறையில் இடமில்லை என்று சொன்னார்கள். இன்று பாட்டு கைப்பேசித் திரையில் ஓடுகிறது. அங்கே எத்தனை பெயரும் போட இடமிருக்கிறது. எழுதியவர், தயாரித்தவர் பெயரைக் காட்டுகிறவர்கள் சாம்பிளில் வாசித்தவர் பெயரையும் காட்ட என்ன தடை? உப்பிட்டவரை நினைப்பதற்குக் கட்டணம் கிடையாது.

அவைத்தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தியைப் பேராசிரியர் அவர்கள் என்னைவிட நன்றாக அறிவார், கேள்வி நேரத்தில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். வாசலில் உள்ள மேசையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். பழைய தொகுப்புகளை மறுபடி வெளியிடும்போதும், இணையத்தில் ஒலிபரப்பும்போதும், சாம்பிள்களில் வாசித்த, பாடிய கலைஞர்களின் பெயர்களைத் தெரிந்தவரை தேடிச் சேர்க்க வேண்டும் என்று இசை நிறுவனங்களைக் கேட்கும் மனு அது. முழுவதும் படித்துப் பார்த்து, உடன்பாடு இருந்தால் கையொப்பமிடுங்கள். பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் உறையில் அச்சான பெயர்களைப் படியெடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள், பட்டியலுக்கு உதவும். இப்போது தம்பிகள் 'லோடட்' பாட்டை முழுவதுமாக ஒலிக்க விடுவார்கள். ஆடத் தோன்றினால் ஆடலாம் என்று தலைவர் ஐயா அனுமதி தந்திருக்கிறார். வணக்கம்.