கோட்டில் நின்று கை ஆட்டுகிற பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். நூறு மீட்டர் ஓட்டத்தைப் பற்றிக் கதைக்க வாருங்கள் என்று அழைத்தார்கள். ஓடுகிற அந்தப் பத்து விநாடியை விட, ஓடுவதற்கு முன்னால் கோட்டில் நிற்கிற ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் நாம் பிள்ளைகளைக் கெடுத்து விடுகிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

எங்கள் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி உங்களுக்குத் தெரியாததா? சுண்ணாம்புக் கோடு, நான்கு நிறத்தில் பந்தல், வெட்டி வைத்த தோடம்பழம், கரகரக்கிற ஒலிபெருக்கி. ஓடப் போகிற பிள்ளை தன் பந்தலைப் பார்த்து ஒரு தடவை கையை உயர்த்திவிட்டால் போதும், “நடப்புக் காட்டுது பார்” என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும். தலை குனிந்து நிற்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை.

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் ஓடினாள். பெயர் வேண்டாம், இப்போது அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தகப்பன் கரைவலைக்காரர். வெறுங்காலோடுதான் ஓடுவாள், சப்பாத்து வாங்கிக் கொடுத்தும் போடவில்லை. கோட்டுக்கு வந்ததும் குனிந்து சுண்ணாம்பை இரண்டு விரலால் தொடுவாள். பிறகு பந்தல் பக்கம் திரும்பி, குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கரைவலை இழுப்பது போல இரண்டு கையாலும் காற்றை இழுப்பாள். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மூன்றாவது இழுப்புக்குப் பந்தலில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும். அடுத்த பந்தல் பிள்ளைகளும் இழுக்கும், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், எதிர் இல்லத்துப் பிள்ளைகளும் இழுக்கும்! அப்புறம் சிரித்த முகத்தோடு குனிந்து நிற்பாள், விசில் ஊதினால் பறப்பாள்.

ஒரு வருடம், அவள் அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் ஒரு பெரியவர், “பிள்ளை, நடப்புக் காட்டாமல் ஓடு” என்றார். மைதானமே சிரித்தது. அவள் கையைக் கீழே போட்டாள். அன்றைக்கு எப்படியோ வென்றுவிட்டாள். ஆனால் அடுத்து மெக்கெய்சர் மைதானத்தில் வலய மட்டப் போட்டிக்குப் போனபோது, கோட்டில் தலையைத் தூக்கவே இல்லை. எழுபது மீட்டர் வரைக்கும் முன்னுக்குத்தான் வந்தாள். அப்புறம் பார்த்தால் பல்லைக் கடித்திருக்கிறாள், கழுத்து நரம்பு கயிறு மாதிரி நிற்கிறது, தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். இரண்டு பேர் தாண்டிப் போனார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு நீங்கள் இருக்கிற இடத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கையையும் இறுக்கிப் பொத்தி, தோளை உயர்த்தி, ஓடுவது மாதிரி கையை வீசுங்கள். சரி, இப்போது விரலைத் தளர்த்தி, தோளை இறக்கி வீசுங்கள். வித்தியாசம் தெரிகிறதா? நூறு மீட்டரில் கடைசி வரைக்கும் வேகம் கூடிக்கொண்டே போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி யாராலும் ஓட முடியாது. உலகத்தின் மிகச் சிறந்தவர்களுக்கே அறுபது எழுபது மீட்டரோடு உச்ச வேகம் வந்துவிடும், அதன் பிறகு எல்லோருக்கும் வேகம் குறையும், குறைவாகக் குறைகிறவர் வெல்வார். உடம்பு இறுகினால் அங்கேதான் அகப்படும். 2009இல் பேர்லினில் ஜமெய்க்காவின் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடினார் அல்லவா, அதில் அறுபதிலிருந்து எண்பது மீட்டர் வரையான இருபது மீட்டரை 1.61 விநாடியில் கடந்தார். அந்த ஓட்டத்தின் காணொளி கிடைத்தால் அவருடைய கன்னத்தைப் பாருங்கள், தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தளர்வு கோட்டிலேயே தொடங்கிவிடுகிறது. கமெரா வந்தால் தலைமயிரைத் தடவுவார், வானத்தைப் பார்த்து அம்பு விடுவார், பக்கத்தில் நிற்பவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். 2008 பெய்ஜிங்கில் முடிவுக் கோட்டுக்கு முன்னாலேயே கையை விரித்து நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி, ஒரு சப்பாத்தின் நாடா அவிழ்ந்திருக்க, 9.69 விநாடியில் உலக சாதனை. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஜாக் ரொக்கே அதைக் கண்டித்தார், மற்ற வீரர்களுக்கு இன்னும் மரியாதை காட்ட வேண்டும் என்று. அன்றைக்கு இங்கே தேநீர்க் கடையிலும் அதே வழக்குத்தான், பாதிப் பேர் திமிர் என்றார்கள், பாதிப் பேர் சந்தோஷம் என்றார்கள். நான் சந்தோஷம் என்ற பக்கம், இன்றைக்கும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் ஒன்று, வேடிக்கை காட்டினால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. 2011இல் தென் கொரியாவின் தேகுவில், உலகச் சம்பியன் போட்டியில், போல்ட் அதே வேடிக்கையெல்லாம் காட்டிவிட்டு, துப்பாக்கி வெடிக்கும் முன்னே பாய்ந்து, போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். தங்கம் அவருடைய நாட்டுக்காரர் யொஹான் பிளேக்குக்குப் போனது.

சரி, வேடிக்கை காட்டுகிற எல்லோரையும் சனங்களுக்குப் பிடிக்கிறதா? இல்லை. அமெரிக்கர் கார்ல் லூயிஸ் 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார், ஜெசி ஓவன்ஸ் 1936இல் வென்ற அதே நான்கு போட்டிகளில். அப்படியிருந்தும், நீளம் பாய்தலில் முதல் பாய்ச்சலிலேயே 8.54 மீட்டர் பாய்ந்து, இரண்டாவது பிழைத்ததும் மிச்ச வாய்ப்புகளை வேண்டாம் என்று விட்டபோது, சொந்த நாட்டுச் சனமே ஊளையிட்டது. மற்ற ஓட்டங்களுக்காக உடம்பைச் சேமித்தார், அது நியாயம்தான். ஆனால் சனம் அவரைப் பார்க்க வந்திருந்தது, அவர் சனத்தைப் பார்க்கவில்லை. 2000 சிட்னியில் மொறிஸ் கிரீன் இருந்த அமெரிக்க அஞ்சலோட்ட அணி, கொடியைச் சுற்றிக்கொண்டு, மேற்சட்டையைக் கழற்றி உடம்பை முறுக்கிக் காட்டியபோதும் அப்படித்தான் ஆனது, பிறகு வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது.

போல்டிடம் வேறு ஏதோ இருந்தது. 2012 லண்டனில் ஸ்பானியத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் இன்னொருவரின் பதக்க விழாவுக்கு அமெரிக்க கீதம் ஒலித்தது. பேச்சை நிறுத்திவிட்டு, கீதம் முடியும் வரை திரும்பி நின்றார். தன் நாட்டுக் கீதம்கூட இல்லை! 2015 பெய்ஜிங்கில் இருநூறு மீட்டரை வென்று நடந்து வரும்போது, இரண்டு சக்கர வண்டியில் வந்த கமெராக்காரர் பின்னாலிருந்து மோதி அவரை விழுத்திவிட்டார். போல்ட் உருண்டு எழுந்து சிரித்தார். அந்தக் கமெராக்காரர் பிறகு வந்து ஒரு கைச்சங்கிலி கொடுத்தார். 2017இல் லண்டனில் ஜஸ்டின் கட்லின் அவரைத் தோற்கடித்தார், ஊக்கமருந்துக்காகத் தடை அனுபவித்தவர் என்பதால் மைதானம் முழுக்க அவரைத் தூற்றியது. மூன்றாவதாக வந்த போல்ட் அவரைக் கட்டியணைத்தார். கட்லின் போல்டுக்கு முன்னால் மண்டியிட்டார்.

என் பிள்ளை கரைவலை இழுத்தபோது எதிர்ப் பந்தலும் சேர்ந்து இழுத்தது என்றேனே, அதுதான் இது. தன் சந்தோஷத்துக்குள் மற்றவனையும் இழுத்துக்கொள்கிறவனைச் சனம் விடாது.

அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸைப் பற்றி எனக்குத் தீர்மானமாக ஒன்று சொல்ல வரவில்லை. 2024 பாரிஸில் அறிமுகம் செய்தபோது துள்ளிக்கொண்டு பாதையில் ஓடினார், முப்பது மீட்டரில் கடைசி, முடிவில் கிஷேன் தொம்சனை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கால் வென்றார். கண் இமைக்கிற நேரத்தில் ஒரு சிறு துணுக்கு அது. முந்தின வருடம் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களைப் பார்த்து, நீங்கள் எந்த உலகத்துக்குச் சம்பியன் என்று கேட்டதால் பலருக்கு அவர் மேல் கோபம். ஆனால் பாரிஸில் வென்ற கையோடு, தனக்கு ஆஸ்துமா உண்டு, மனப்பதற்றம் உண்டு, மனச்சோர்வு உண்டு என்று ஊருக்கே எழுதிச் சொன்னார். துள்ளுகிறவனுக்குள்ளும் பயம் இருக்கிறது. அதைச் சொல்லத் துணிந்ததனால் எனக்கு அவரைப் பிடிக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். நம் நாட்டு ஓட்டக்காரி சுசந்திகா ஜயசிங்கவைப் பற்றி, சிட்னி இருநூறு மீட்டரில் அவர் ஓடிய அந்த 22.28 விநாடியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன், அதற்கு இனி நேரமில்லை. என் பிள்ளையின் கதையை மட்டும் முடித்துவிடுகிறேன். அடுத்த வருடம் மாகாண மட்டத்தில், யாரும் சொல்லாமலே, கோட்டில் குதிகாலை ஊன்றி இரண்டே இரண்டு இழுப்பு இழுத்தாள். இரண்டாவதாக வந்தாள். தோள் கீழேதான் இருந்தது.

கடைசியாக ஜமெய்க்காவின் ஓட்டக்காரி ஷெலி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ். ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் ஒரு நிறத் தலைமயிர், நூறு மீட்டரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஐந்து உலகச் சம்பியன் பட்டம். 2025இல் மகனுடைய பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தாய்மார் ஓட்டத்துக்கும் இறங்கினார். நம் ஊரில் தாய்மார் ஓட்டத்தில் எப்படிச் சேலையைச் செருகிக்கொண்டு சிரித்துக்கொண்டு ஓடுவார்கள், அந்த மாதிரி ஓட்டத்தில் இவர் முழு வேகத்தில் ஓடினார், மற்றத் தாய்மார் எங்கோ பின்னால். மைதானம் முழுக்கக் கத்துகிறது, வேலியோரம் நிற்கிற பிள்ளைகள் துள்ளுகிறார்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.