அரைத்தால் ஒளிரும் சிலிக்கன்

வணக்கம் நேயர்களே. பினாங்கில் இருப்பவர்களுக்கு, கணினிச் சில்லு செய்யும் சிலிக்கன் என்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வேலை செய்து வருவது அதைச் சுற்றித்தான். ஆனால் அதே தொழிற்பேட்டையில் எல்இடி விளக்கும் செய்கிறார்கள். அதில் ஒளி தருவது சிலிக்கன் இல்லை, காலியம் என்ற உலோகம் கலந்த பொருள்கள். கணக்குப் போட கெட்டிக்காரனான சிலிக்கன் வெளிச்சம் தருவதில் மந்தம். உள்ளே எலெக்ட்ரான் உயர்ந்த சக்தி நிலையிலிருந்து கீழே இறங்கும்போது, அணுக்களின் அதிர்வும் தோதாகச் சேர்ந்தால்தான் ஒளி பிறக்கும். அது அபூர்வம். பெரும்பாலும் சக்தி சூடாகப் போய்விடும். தப்பித் தவறி வரும் ஒளியும் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.

1990இல் இங்கிலாந்தில் லீ கேன்ஹம் என்பவர், அமிலத்தில் அரித்துத் துளைதுளையாக்கிய சிலிக்கன் சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார். துகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் எலெக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகி, ஒளியின் நிறமே மாறுகிறது. ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். ஐந்தாறு நானோமீட்டர் துகள் என்றால் அகச்சிவப்பை ஒட்டிய ஒளி. மூன்றுக்குப் பக்கம் வந்தால் சிவப்பு, ஆரஞ்சு.

சரி, அமிலம் வேண்டாம், அரைத்தே சிறிசாக்கலாமே? நான் பல காலமாகப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். கனமான சாடிக்குள் சிலிக்கனையும் குண்டுகளையும் போட்டு மணிக்கணக்காகச் சுழற்றுவோம். குண்டு மோத மோதத் துகள் உடையும். உடைந்தது மறுபடி ஒட்டும், மறுபடி உடையும்.

பட்டர்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசினேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கை தூக்கினார். "தம்பி, மசாலா மில்லில் எனக்கு முன்னால் ஒருத்தர் மிளகாய் அரைத்திருந்தால், என் மல்லித்தூளில் காரம் ஏறிவிடும். அதனால் முதலில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்வேன். உங்கள் மெஷினில் அப்படி ஏதாவது உண்டா?" என்றார். மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நாங்கள் செய்வதே அதுதான்! முதல் ஈடு சிலிக்கனை அரைத்துக் கொட்டிவிடுவோம். அது சாடியின் சுவரிலும் குண்டுகளிலும் பூச்சாகப் படிந்துகொள்ளும். இரண்டாவது ஈடுதான் பரிசோதனைக்கு. அந்த அம்மா விடவில்லை. "அப்ப மெஷின் தேயாதா?" என்றார். தேயும் அம்மா, தேயும். எஃகுக் குண்டு தேய்ந்தால் இரும்பு கலக்கும், சிலிக்கனில் இரும்பு புகுந்தால் ஒளி செத்துப்போகும். அதனால்தான் சிலர் சிர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகைக் குண்டுக்கு மாறுகிறார்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அரைப்பது பெரிய காரியம் இல்லை, மேற்பரப்பைக் காப்பாற்றுவதுதான் காரியம். உடைந்த இடத்தில் ஒவ்வோர் அணுவும் துணை தேடி ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சும்மா விட்டால் அந்தக் கையே எலெக்ட்ரானைப் பிடித்து விழுங்கிவிடும், ஒளி வராது. சாடியைக் காற்றில் திறந்தால் ஆக்சிஜன் பாய்ந்து ஒட்டும்; மிக நுண்ணிய தூள் தீப்பிடிக்கவும் கூடும். அதனால் எதோடும் எளிதில் சேராத ஆர்கான் வாயு நிறைந்த பெட்டிக்குள் வைத்துத் திறப்பார்கள். இன்னொரு வழி, கரிமத் திரவத்தோடு, அதாவது கார்பன் சேர்மத் திரவத்தோடு சேர்த்தே அரைப்பது. உடைந்த கையில் கார்பன் சங்கிலி உடனே ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பிடித்த வழி இதுதான். அப்படிச் செய்த தூளைக் கரைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால், கலங்கல் நீர் நிறம் மாறி மின்னும். நீலமாக மின்னினால் மட்டும் நான் உடனே நம்ப மாட்டேன். அது சிலிக்கனுடையதா, ஆக்சிஜன் ஒட்டி மேலே படிந்த ஆக்சைடினுடையதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மருத்துவம் பற்றிச் சொல்ல வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒளிரும் நானோதுகள்களில் பெயர்பெற்றவை பலவற்றில் காட்மியம் இருக்கிறது, அது நஞ்சு. சிலிக்கன் துகளோ உடம்புக்குள் மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகி, சிறுநீரில் வெளியேறக்கூடியது. உடம்புக்குள் அடையாளம் காட்டும் விளக்காக இதை வைக்கலாமா என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அரைத்த தூளில் எல்லாத் துகளும் ஒரே அளவாக இருப்பதில்லை, அதைச் சலித்துப் பிரிப்பது தனிக்கதை. நன்றி, வணக்கம்.