ஆபிரகாமின் பிள்ளைகள் யார்?

அன்பான சகோதர சகோதரிகளே,

யாழ்ப்பாணத்தில் கோயிலுக்குப் புதிதாக ஒரு பொடியன் வந்தால், "தம்பி எவடம்? ஆற்ற மகன்?" என்று கேட்கிறோம். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அதற்குள்ளே இன்னொரு கேள்வி இருப்பது எல்லாருக்கும் தெரியும். தேவனுடைய குடும்பத்தில் ஒருவன் சேருவது எதனால்? பிறப்பாலா, பதிவாலா, விசுவாசத்தாலா? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப்பற்றித்தான்.

ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு கேள்வி கேட்கிறார். விசுவாசிக்கிற எல்லாருக்கும் தகப்பனான ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது எப்போது? விருத்தசேதனத்துக்கு, அதாவது உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை அகற்றும் சடங்குக்கு, முன்னா, பின்னா? ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். அவர் கர்த்தரை விசுவாசித்தது 15ஆம் அதிகாரத்தில். விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில். இடையில் இஸ்மவேல் பிறந்து 13 வயதுப் பிள்ளையாகிவிட்டான். அத்தனை வருடமும் ஆபிரகாமின் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. கையில் இருந்தது ஒரு வாக்குத்தத்தம் மட்டுந்தான். அப்போதே அவர் தேவனுக்குச் சொந்தமானவர். அப்படியானால் ஞானஸ்நானம் வேண்டாமா? வேண்டும். ஆனால் அடையாளம் விசுவாசத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது.

இதற்கு எங்கள் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். உத்தியோகம் வேண்டுமானாலும், கலியாணம் சட்டப்படி செல்ல வேண்டுமானாலும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டியிருந்தது. தோம்புகள் என்ற பதிவேடுகளில் பெயர்கள் நிறைந்தன. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்த நெருக்குதல் நீங்கியதும் அந்தச் சபைகள் கரைந்துபோயின. பிள்ளைகளின் உரிமைக்காகப் பெயர் கொடுத்த அந்தச் சனங்களை நான் குறைசொல்ல மாட்டேன். விசுவாசத்தைக் கேட்காமல் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் இங்கே கால் வைக்கத் தடை. நான் சீர்திருத்த சபைக்காரன். ஆனாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்தார். கழுத்தில் செபமாலையோடு வாசல் வாசலாகப் பிச்சை கேட்டு நின்றார். செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்து விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்துச் சனங்கள் அவரை ஏற்று ஒளித்து வைத்தார்கள். குரு இல்லை, பகிரங்க வழிபாடு இல்லை, அரசாங்கத்தின் ஆதரவு இல்லை. இருந்தும் அவர்கள் சபையாகவே இருந்தார்கள்.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் உள்ள சம்பவம் இது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி, அதாவது யூதரல்லாத, விசுவாசிகளோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார். பந்தியைப் பிரித்தால் சுவிசேஷமே பிரிகிறது என்று அவர் கண்டார். இந்தக் குடாநாட்டுக் கோயில்களிலும் ஆக்களின் சாதியைப் பார்த்து வாங்கு (இருக்கை) பிரித்த காலம் இருந்தது. "நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவைப்பற்றும் விசுவாசத்தினால் தேவனுடைய புத்திரராயிருக்கிறீர்களே" என்று வாசித்துவிட்டுத்தான் பிரித்து இருந்தார்கள்.

இன்றைக்கு வாங்கு பிரிப்பதில்லை. ஆனால் கலியாணம் பேசும்போது, "வேதக்காரராய் இருக்கவேணும், அதோட எங்கட ஆக்களாயும் பாருங்கோ" என்கிறோம். இங்கே இருக்கிற பெற்றோரைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அந்த இரண்டாவது நிபந்தனையைச் சொல்லுமுன் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். வாசித்த பிறகு அதைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று பாருங்கள்.