பட்டியலுக்கு முன்னால் ஓர் ஒப்பந்தம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'போர்க்காலச் சுரண்டலை எடைபோட உகந்தது விளைவா, கடமையா?' என்பது தலைப்பு. இரு அணிக்கும் பொதுவாகத் தரப்பட்ட படம், 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'. இரண்டாம் உலகப் போரில், தம் ஆலையில் வேலை செய்த யூதர்களைக் கொலை முகாமிலிருந்து காத்த ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லரின் கதை அது. கடமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

"ஷிண்ட்லர் யூதர்களின் உழைப்பைச் சுரண்டினார், உண்மைதான். ஆனால் முடிவில் 1,100 பேர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை எண்ணுங்கள், அதுவே அறம்" என்றார் எதிரணித் தலைவர். நன்மை தரும் விளைவே அறம் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதிகள் பெந்தாமும் மில்லும் வகுத்த வழி அது. 'பொய்மையும் வாய்மை யிடத்த' என்று வள்ளுவரையும் தம் பக்கம் நிறுத்திக்கொண்டார். அந்த 1,100 பேர் பிழைத்ததில் அவருக்கு இருக்கும் மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் எதனால் பிழைத்தார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை.

நாஜி ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தின் கிராக்கோவ் நகரத்துக்கு வாருங்கள். போரில் காசு பார்க்க வந்த நாஜிக் கட்சி உறுப்பினர் ஷிண்ட்லர். எனாமல் பாத்திரத் தொழிற்சாலைக்கு முதல் போடுபவர்கள் யூத வியாபாரிகள். பங்கு கேட்டவர்களுக்குப் பாத்திரங்களைத் தருவதாகப் பேரம் முடிகிறது. தொழிலாளிக்குச் சம்பளமே இல்லை. கூலி நேராக, முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குப் போகிறது, அதுவும் போலந்துக்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. "அவர்கள் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்கள், வராவிட்டால் சாவுதானே?" என்கிறது எதிரணி. ஐயா, சாவை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு வாங்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

ஷிண்ட்லரின் யூதக் கணக்கர் ஸ்டெர்னைத் தவறுதலாக முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். ஷிண்ட்லர் ஓடிவந்து, வண்டியை நிறுத்தி, அவரை இறக்குகிறார். இறக்கியதும் கேட்கும் கேள்வி என்ன? ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார். என் கதி! அதே ரயிலில் மற்றவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது, விளைவு நல்லது. ஆனாலும் அந்தக் காட்சி நம்மைச் சுடுகிறது. ஸ்டெர்ன் அங்கே மீட்கப்பட்டது மனிதராக அல்ல, தொழிலுக்கு வேண்டிய ஒரு பொருளாக. ஒற்றைக் கை முதியவரைப் பனியில் சுட்டுக் கொன்ற பிறகும் ஷிண்ட்லர் போய் முறையிடுவது தம் ஆலையின் இழப்பைத்தான்.

இதைத்தான் கடமையே அறம் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் 1785இல் எழுதினார்: ஒவ்வொன்றுக்கும் ஒன்று விலை இருக்கும், அல்லது மாண்பு இருக்கும். விலை உள்ளதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்பு உள்ளதற்கு ஈடு கிடையாது. ஆகவே மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றார்.

சுரண்டியதால்தான் காப்பாற்ற முடிந்தது என்பது எதிரணியின் பெரிய ஆயுதம். அப்படியானால் ஆஷ்விட்ஸின் உழைப்பு முகாமான மோனோவிட்ஸுக்கு வாருங்கள். ஐ.ஜி. ஃபார்பன் என்ற ஜெர்மன் இரசாயன நிறுவனம் அங்கே கைதிகளுக்காக எஸ்.எஸ்.ஸுக்குக் கொடுத்தது, தலைக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மார்க். அதே மாதிரி ஒப்பந்தம், கைதி கையில் அதே வெறுமை. உழைக்க முடியாமல் போனவர்களை ஆஷ்விட்ஸின் கொலை முகாமான பிர்கெனாவின் நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள். சுரண்டலுக்குக் காக்கும் சக்தி இருந்தால் மோனோவிட்ஸ் ஏன் காக்கவில்லை?

ஷிண்ட்லர் தம் ஆட்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவர்களை 1944இல் இன்றைய செக் நாட்டிலுள்ள பிரின்லிட்ஸுக்குக் கொண்டுபோகிறார். பெயருக்கு அது வெடிகுண்டு உறைத் தொழிற்சாலை. படத்தின் முடிவில் எழுத்திலேயே வருகிறது: ஏழு மாதம் இயங்கிய அந்த ஆலை, உற்பத்தியே இல்லாமைக்கு ஒரு முன்மாதிரி. அந்த மனிதர்களிடமிருந்து உழைப்பைப் பறிப்பதை அவர் நிறுத்திவிட்டார், நடுவர் அவர்களே. சேர்த்த செல்வத்தை அவர்களுக்காகக் கரைத்தார். அவர்களைக் காத்தது, கருவியாகப் பார்ப்பதை அவர் கைவிட்ட அந்த மாற்றம்.

ஓர் இடத்தில் எதிரணிக்கு வழிவிடுகிறேன். கொலைகாரனிடமும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் காண்ட் எழுதினார். அதை நான் ஏற்கவில்லை. எஸ்.எஸ். அதிகாரியிடம் ஷிண்ட்லர் சொன்ன பொய் எல்லாம் நல்ல பொய்தான். எதிரணி காட்டிய 'பொய்மையும் வாய்மை யிடத்த' குறள் அங்கே பொருந்தும். ஆனால் பொய் சொன்னது வேறு, அடிமை உழைப்பில் பணம் சேர்த்தது வேறு. இரண்டாவதற்கு வள்ளுவர் வேறு குறள் வைத்திருக்கிறார்:

ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க
சான்றோர் பழிக்கும் வினை.

பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் செய்யாதே என்கிறார். தாயின் பசி தீர்வதைவிட நல்ல விளைவு உண்டா? அதையும் மறுத்துவிட்டார்.

போர் முடிந்து விடைபெறும் காட்சியில் இந்தக் காரை விற்றிருந்தால் பத்துப் பேர், சட்டையில் குத்திய இந்தத் தங்கக் கட்சிச் சின்னத்தை விற்றிருந்தால் இரண்டு பேர் என்று ஷிண்ட்லர் உடைந்து அழுகிறார். அதுவே எங்கள் கணக்கு என்றது எதிரணி. கணக்குப் பார்ப்பவர் 1,100 என்ற தொகையில் நிம்மதி அடைந்திருப்பார். விட்டுப்போன ஒருவருக்குப் பிழைத்த ஆயிரம் பேரும் ஈடாகவில்லை என்பதால்தான் அவர் அழுதார்.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனி அரசும் தொழில் நிறுவனங்களும் 1,000 கோடி மார்க் நிதியம் ஒன்றை அமைத்தன. 16 லட்சத்துக்கும் அதிகமான முன்னாள் கட்டாயத் தொழிலாளர்களுக்கு 2007 வரை தொகை வழங்கினார்கள். பெற்றவர்கள் பிழைத்தவர்கள். விளைவே அளவுகோல் என்றால், உயிரோடு இருப்பவருக்குப் பாக்கி என்ன? அரை நூற்றாண்டு கழிந்தும் பாக்கி இருந்தது என்று ஒரு நாடே ஒப்புக்கொண்டது. எதிரணி அதற்கு விடை சொல்லட்டும். கடமையின் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.