ஐந்து வயதுக்காக வளைந்த திருமுடி

(வேலூரை அடுத்த பாலாற்றங்கரைச் சிற்றூரில், கோயில் மண்டபத்தில் நடைபெறும் சிறுவர் சமய வகுப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்று, இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பெருமையோடு நம் நடுவே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே. இன்று விடியற்காலையில் சோளிங்கருக்குச் சென்று 1,305 படிகளையும் ஏறி யோக நரசிம்மரைத் தரிசித்துவிட்டு, களைப்பைப் பொருட்படுத்தாமல் இங்கே வந்து முன்னிலை வகிக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே. இம்மண்டபத்துக்கு மின்விசிறிகள் வழங்கிய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே. சற்று முன்னர் தேவாரம் பாடி நம் நெஞ்சை நிறைத்த ஓதுவார் மூர்த்தி அவர்களே. எனக்குப் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த விழாக் குழுவினரே. மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூணோரம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. முன்வரிசையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குழந்தைகளை நான் இறுதியில் விளித்தது மேடை மரபு கருதியே. நமக்குப் பக்கத்திலுள்ள காங்கேயநல்லூரில் 1906ஆம் ஆண்டு பிறந்த திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள், பெரியவர்களுக்கு நடுவே சொற்பொழிவு நிகழ்த்தும்போதும் முன்னால் இருக்கும் குழந்தைகளிடம் கேள்வி கேட்டு, விடை சொன்ன பிள்ளைக்குப் பரிசளித்து, அதன்பின் கதையைத் தொடர்வார். திருப்புகழையும் கந்தபுராணத்தையும் கரைத்துக் குடித்த அம்மகான் ‘தாத்தா சொன்ன குட்டிக் கதைகள்’ என்று சிறுவர்களுக்காகவே ஒரு நூலும் எழுதினார். அவர் பிறந்த மண்ணில் நின்று இந்தப் பொருளைப் பேசுவதால், அச்சத்தோடுதான் பேசுகிறேன்.

குழந்தைகளுக்கு நம் புராணக் கதைகளையும் நற்பண்புகளையும் எவ்வாறு வழங்குவது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. எந்தக் கதையைச் சொல்வது, எந்த வயதில் சொல்வது, எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று நான்காகப் பிரித்துப் பேச எண்ணி வந்திருக்கிறேன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டார்கள். இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று நண்பர்கள் குறைபட்டுக்கொள்வது உண்டு. இன்றும் சொல்லத்தான் போகிறேன். பொதுவாக இதைச் சொல்லும்போது வளைய வேண்டியது குழந்தை என்றும், வளைக்க வேண்டியது நாம் என்றும் பொருள் கொள்கிறோம். விரிஞ்சிபுரத்துக்குப் போனால் அந்தப் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில் அர்ச்சகர், மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். பூசை உரிமையைக் கைக்கொள்ள உறவினர்கள் முயன்றார்கள். ஆதரவற்ற தாய் இறைவனிடம் முறையிட்டாள். இறைவனே முதியவராக வந்து, கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கு முந்தைய இரவு, பிரம தீர்த்தக் கரையில் சிறுவன் சிவசருமனுக்குத் தீட்சை கொடுத்தார். பிள்ளை குடத்தோடு கருவறைக்குள் போகிறான். இலிங்கத்தின் உச்சி அவன் கைக்கு எட்டவில்லை. எட்டவில்லையே என்று கலங்கி நிற்கிறான். அப்போது இறைவன் தன் திருமுடியை அவன் பக்கம் சாய்த்துக் கொடுத்தார். இன்றும் அந்த மூர்த்தி சற்றே சாய்ந்திருப்பதைக் காணலாம்.

ஐந்துக்காக அங்கே வளைந்தவர் யார் என்று சிந்திக்க வேண்டுகிறேன். அந்தச் சிறுவனை, வளர்ந்தபின் வா என்று இறைவன் திருப்பி அனுப்பவில்லை. குழந்தைக்குக் கதை சொல்ல வேண்டிய முறை முழுவதும் இந்தத் தலப் புராணத்துக்குள்ளேயே இருப்பதாக நான் நம்புகிறேன். எட்டாத உயரத்தில் தத்துவத்தை வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பக்தி இல்லை என்று வருந்துவது முறையாகாது.

எந்த வயதில் எதைச் சொல்வது என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பிரகலாதன் கதையைச் சொல்லும்போது, தாயின் வயிற்றில் இருந்தபடியே நாரதர் சொன்னதைக் கேட்ட குழந்தை என்று தொடங்கி, தூணைத் தட்டும் இடம் வரை வந்து, தூண் பிளந்து சிங்கமுகச் சாமி வந்தார், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார் என்று முடித்துவிடலாம். குடலை மாலையாக அணிந்ததைப் பத்து வயதில் சொன்னால் போதும். அதே பிள்ளையைச் சோளிங்கருக்கு அழைத்துச் சென்று, அத்தனை கோபத்தோடு வந்தவர் இங்கே யோகத்தில் அமர்ந்திருக்கிறார் பார் என்று காட்டுங்கள். அச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

எப்படிச் சொல்வது என்ற இடத்துக்கு வரும்போது என் பாட்டியை, நான் ஆயா என்று அழைத்தவரை, நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. மடியில் முறத்தை வைத்து, இலையை வெட்டித் தூளை நிரப்பிப் பீடி சுற்றிக்கொண்டே கதை சொல்வார். அவர் அறிந்த பாரதம் முழுவதும் திரௌபதி அம்மன் கோயில் கொட்டகையில் பகலில் பிரசங்கமாகவும் இரவில் கூத்தாகவும் கேட்டது. எனக்கு ஐந்து வயது இருக்கும்போது எங்கள் ஊரில் பாரதம் வைத்தார்கள். கொடி ஏறிய நாள் முதல் ஆயா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். பாதி இரவில் நான் உறங்கிவிடுவேன். மறுநாள் முறத்தின் முன் அமர்ந்து, நான் விட்ட இடத்திலிருந்து எனக்குச் சொல்வார். அர்ச்சுனன் தபசு மரம் ஏறியபோது மேலிருந்து அவன் எறிந்த எலுமிச்சம்பழத்துக்காக ஊரே முந்தியது. ஆயாவுக்கு ஒன்று கிடைத்தது. அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார். கடைசி நாள் படுகளம், துரியோதனன் வீழும் காட்சி. வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் மிகப் பெரிதாகச் செய்து கிடத்தியிருந்தார்கள். எனக்கு அது ஒரு மலை படுத்திருப்பதுபோல் இருந்தது. பீமன் வேடக்காரர் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி ஓடி வந்து, தொடையில் கதாயுதத்தால் ஓங்கி அடித்தார். செந்நீர் பாய்ந்தது. விரித்த கூந்தலைத் திரௌபதி முடிந்தாள். சனங்கள் ஆரவாரம் செய்தார்கள். எல்லோரும் மகிழ்ந்திருக்க, நான் மட்டும் துரியோதனனுக்காக வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்ற ஒருவர், கெட்டவனுக்காக அழலாமா என்று என்னை அதட்டினார். ஆயா அவருக்கு விடை சொல்லவில்லை. என்னை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, தாமும் புழுதியில் மண்டியிட்டு, தம் முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, “அங்க பாருடா கண்ணு, அவங்க அம்மாவும் அழுவுறா பாரு” என்றார். காந்தாரி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். நான் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் தீமிதிக்குக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆயா அந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

அறம் வென்றது என்று ஆயா அப்போது உரைத்திருந்தால் நான் மறந்திருப்பேன். பகைவனுக்கும் ஒரு தாய் உண்டு என்ற ஒன்றை அவர் எனக்குக் காட்டினார், விளக்கவில்லை. தாய்மார்களே, கதையின் வாலில் நீதியைக் கட்டாதீர்கள். திருவலத்தில் விநாயகர் அம்மையப்பரை வலம் வந்து மாங்கனி பெற்ற கதையைச் சொன்னால், ‘ஆகவே பெற்றோர் சொல் கேட்க வேண்டும்’ என்று அதிகாரம் செய்யாமல், முருகன் எங்கே போனான், மயில் களைத்துப் போகாதா என்று குழந்தை கேட்பதற்கு இடம் விடுங்கள். அதே ஊரின் பக்கத்தில் ஓடும் பொன்னையாற்றை இறைவன் “நீ வா” என்று அழைத்ததால் அது நீவா நதி ஆயிற்று என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை பேருந்து பாலத்தைக் கடக்கும்போது பிள்ளையே சன்னல் வழியாக அந்த ஆற்றை அழைக்கும்.

இப்போது நான் இங்கே வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் இரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கோயில் மண்டபத்திலும் சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் கதைக்காக ஒதுக்கப்பட வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம். வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம். என்னைப்போன்றவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் செலவில் பாய்களும் சுண்டலும் வாங்கலாம். அந்தந்தத் தெருவின் பாட்டிமார்களும் தாத்தாக்களும், அவர்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே, ஒரே ஒரு கதை சொன்னால் போதும். பீமன் என்றால் கைப்பேசியில் துள்ளும் சிறுவனை மட்டுமே அறிந்த பிள்ளைகள் நம் தெருக்களில் வளர்கிறார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, நாம் வேறு பீமனை அவர்களுக்குக் காட்டவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கும் நாம், ஐம்பதைக் கடந்தபின் ஒரு பாயில் குனிந்து அமர மறுக்கிறோம்.

மண்டபத்தைக் கதைக்குத் தர முடியுமா என்று தயங்குவோருக்கு, வேலூர்க் கோட்டையை நினைவூட்டுகிறேன். அதனுள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நெடுங்காலம் மூர்த்தி இல்லை, பூசை இல்லை. சிற்பம் நிறைந்த கல்யாண மண்டபம் வெறும் கல்லாக நின்றது. சத்துவாச்சாரியில் இருந்த இலிங்கத்தை 1981 மார்ச் 16ஆம் நாள் கொண்டுவந்து சேர்த்தபின் அங்கே விளக்கு எரிகிறது. இன்று அந்த மண்டபத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று, ஒரே தலை ஒரு பக்கம் காளையாகவும் மறுபக்கம் யானையாகவும் தெரியும் சிற்பத்தைக் காட்டினால், அவர்கள் அதைவிட்டு நகர மறுக்கிறார்கள். மண்டபங்கள் குழந்தைகளின் குரலுக்காகக் காத்திருக்கின்றன.

ஆகவே அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களையும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களையும் இம்மேடையிலேயே கைகூப்பி வேண்டுகிறேன்: வரும் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு இம்மண்டபத்தின் கதவைத் திறந்து வைக்க ஆவன செய்யுங்கள். யார் சொல்வது என்ற நான்காவது செய்தியை விரித்துரைக்க நேரமில்லை. தூணோரம் அமர்ந்திருக்கும் அந்த மூதாட்டி முதல் கதையைச் சொல்லச் சற்று முன்னர் எனக்கு இசைவு தந்துவிட்டார். விரிஞ்சிபுரத்துச் சிறுவனின் கதை. பாய்களை நான் கொண்டுவருகிறேன். வணக்கம்.